இடது பின்பக்கம், 0.3

ஜூன் 9, ஞாயிறு

அப்பாவின் மேல் பல் செட் உட்காரவில்லை. இடது பக்கம், பின்னால் தூக்குகிறது. ஒரு வாரமாகச் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு மாடு மாதிரி அசை போடுகிறார். பார்த்தால் எரிச்சல் வருகிறது.

"டாக்டர்கிட்டப் போலாங்களா?"

"அங்க போனா ரெண்டு மணி நேரம் உக்காரோணும்டா."

எனக்கும் அதுதான். செட் செய்து கொடுத்த டாக்டர் ஹெப்சிபாவின் கிளினிக்கில் முதலில் வந்தவருக்கு முதல் என்பார்கள். எவனாவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் அவனை முதலில் விடுவார்கள். மற்றவன் பழைய வாரப் பத்திரிகையைப் புரட்ட வேண்டியதுதான்.

இது ஃபிட்டிங் பிரச்சினை. நான் நான்கு வருடம் டூல் அண்ட் டை படித்தவன். கணபதி ஏரியாவில் ஒரு டூல் ரூமில் பிளாஸ்டிக் மோல்டு செய்கிறேன். மோல்டின் இரண்டு பாதியும் எங்கே முட்டுகிறது என்று பார்க்க ஒரு பாதியில் நீலச் சாயம் பூசி, மூடித் திறப்போம். சாயம் அழிந்த இடம்தான் முட்டுகிற இடம். அந்தச் சாயத்தை வாயில் வைக்க முடியாது. அப்பாவின் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, செட்டின் உள்பக்கம் பூசினேன்.

"சாமி நெத்தியில வெக்கச் சொல்லுச்சு. நீ வாய்க்குள்ள வெக்கற."

"பேசாதீங்க, அழிஞ்சுரும். கடிங்க."

கடித்தார். கழற்றினார். இடது பின்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் திருநீறு அழிந்திருந்தது. பென்சில் கிரைண்டரில் 0.3 மி.மீ. எடுத்தேன். பாலிஷ் போட்டேன். மாட்டிப் பார்த்து, "பஸ் நேரா ரேக்குல வந்து நின்னுருச்சு" என்றார். முப்பத்தொரு வருடம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்து ரேக்கில், அதாவது தனக்குரிய நிறுத்தத் தடத்தில், நின்றது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுவதுதான் வேலை. இன்னமும் எல்லாம் பஸ் கணக்குதான்.

பத்து நிமிஷ வேலை. இதற்கு ரெண்டு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள்.

ஜூன் 12

பம்ப் கவர் மோல்டு, இரண்டாம் டிரையல். ஓரத்தில் பிளாஸ்டிக் கசிகிறது. ஓனர் கத்தினார். திரும்பக் கத்தினேன். டிசைனில்தான் தப்பு.

ஜூன் 30, ஞாயிறு

செட் மறுபடி தூக்குகிறது. அதே இடம். திருநீறு, கடி, கழற்று. 0.4 எடுத்தேன்.

வனிதா அக்கா உடுமலையிலிருந்து போன் செய்தாள். "அப்பா ஏன்டா மூக்குல பேசறாரு? சளியா?" என்றாள். என் போனில் ஸ்பீக்கர் சரியில்லை. அதைச் சொன்னேன். சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு

செட்டில் 0.4. அதே இடம்தான். அக்ரிலிக் காலப்போக்கில் வளையும் என்று படித்திருக்கிறேன். மட்டமான மெட்டீரியல். டாக்டரம்மாவிடம் ஒரு நாள் கேட்க வேண்டும்.

அப்பாவின் பெல்ட் லூசாக இருக்கிறதாம். பஞ்ச் வைத்துப் புது ஓட்டை போட்டுக் கொடுத்தேன். சுத்தமான ஓட்டை, பிசிறே இல்லை.

ஜூலை 27, சனி

அப்பாவின் பனியன் காலையில் பிழிந்து எடுக்கிற மாதிரி நனைந்து கிடக்கிறது. தலையணையும் ஈரம். "ஃபேன் சுத்த மாட்டீங்குதுடா" என்றார். வெளியே ஆடிக் காற்று தகரக் கூரையைத் தூக்குகிறது, இவருக்கு வேர்க்கிறதாம். ஃபேனின் கெபாசிட்டரை மாற்றினேன். இப்போது நன்றாகச் சுற்றுகிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

0.5. மீதித் தடிமன் 0.8தான். அடுத்த முறை பார்த்து எடுக்க வேண்டும்.

அரிசிம்பருப்பு சாதத்தை இன்னும் குழைவாக வைக்கச் சொன்னார். அம்மா போன பிறகு சமையல் என் டிபார்ட்மென்ட். எவ்வளவு குழைத்தாலும் பாதித் தட்டு மிச்சம் வைக்கிறார். கேட்டால், "வயித்துல ரேக் ஃபுல்லுடா" என்கிறார்.

ஆகஸ்ட் 6

ஃபேன் ஓடுகிறது. பனியன் நனைகிறது. அந்த ரூமில் ஜன்னல் சின்னது, அதுதான் காரணம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

0.4 எடுத்தேன். மீதி 0.4. செட்டை வெளிச்சத்தில் பிடித்தால் என் விரல் மறுபக்கம் தெரிகிறது. பெல்ட்டில் இன்னொரு ஓட்டை.

செப்டம்பர் 8, ஞாயிறு

இனி எடுக்க இடமில்லை. முட்டுகிற இடத்தில் வட்டமாக ஓட்டையே போட்டுவிட்டேன். 14 மி.மீ. விட்டம். ஓரத்தைப் பஃப் செய்து வழவழப்பாக்கினேன். மாட்டி, நாக்கால் துழாவிப் பார்த்தார்.

"எப்படிங்கப்பா இருக்கு?"

"முட்ட மாட்டீங்குது" என்றார். "ஜன்னல் சீட் மாதிரி காத்து வருது."

வேலை முடிந்தது.

செப்டம்பர் 10, செவ்வாய்

முடியவில்லை. காலையில் துப்பியதில் ரத்தம். வாஷ்பேசினில் நான்தான் பார்த்தேன். அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் ஆறு போன். அரை நாள் லீவு போட்டுக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம்.

டாக்டர் ஹெப்சிபாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பேச்சு மெதுவாக, கை வேகமாக. அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்து விளக்கை இழுத்தார்.

"எத்தனை நாளா இருக்கு, ஐயா?"

"ஒரு பத்து நாளா இருக்குமுங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். கேட்டது என்னை இல்லை.

"செட் எங்கே?"

கொண்டு போகவில்லை. மறந்துவிட்டது.

"மேலண்ணத்துல, இடது பக்கம் பின்னாடி ஒரு வீக்கம் இருக்கு. மெத்துனு இருக்கு, அழுத்தினா வலிக்கலைங்கறார். வலிச்சிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். நீங்களும் வந்து பாருங்க, தரணி."

அந்த நேரம் பார்த்து ஒர்க் ஷாப்பிலிருந்து போன். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தேன். அதற்குள் அவர் கையுறையைக் கழற்றியிருந்தார்.

"பத்து நாள்தான்னா செட் உரசி வந்த வீக்கமா இருக்கலாம். ரெண்டு வாரம் செட்டைத் தொடாதீங்க. உரசல்னா அதுக்குள்ள வத்திரும். வத்தலைன்னா ஒரு நாள் கூடக் காத்திருக்க மாட்டேன், துண்டெடுத்து சோதனைக்கு அனுப்பிருவேன். வர்றப்ப செட் கண்டிப்பா வேணும்."

செப்டம்பர் 13

செட் இல்லாமல் அப்பாவின் முகம் பாதியாகிவிட்டது. ஏன் பத்து நாள் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். கூழைக் குடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"நாலு நிமிசம் லேட்டா வர்ற வண்டிய டயத்துக்கு வந்துச்சுன்னு எழுதுவேன். டிரைவருக்கு ஒரு மெமோ மிச்சம். அதுல யாருக்குடா நட்டம்?"

"இங்க யாருங்கப்பா டிரைவரு?"

சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு. நான் ஷாப்புக்குக் கிளம்பிவிட்டேன்.

செப்டம்பர் 19

போன் ஸ்பீக்கரை மாற்றியாகிவிட்டது. அப்பா இன்னமும் மூக்கில்தான் பேசுகிறார் என்கிறாள் அக்கா.

செப்டம்பர் 24, செவ்வாய்

எழுத வேண்டும். எழுதாமல் தூங்க முடியாது.

செட்டை டிபன் டப்பாவில் போட்டு எடுத்துப் போனேன். டாக்டர் முதலில் வாயைப் பார்த்தார். "வத்தலை. கூடியிருக்கு" என்றார். பிறகு டப்பாவைத் திறந்து செட்டை எடுத்து, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். நடுவில் என் ஓட்டை. சுற்றிலும் வெங்காயத் தோல் மாதிரி வெளிச்சம் ஊடுருவியது.

"இதை யாரு கடைஞ்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "நாந்தானுங்க டாக்டரம்மா. வீட்டுல சும்மா உப்புத்தாள் வெச்சுத் தேச்சனுங்."

"உப்புத்தாள் தேச்சா இப்படி வட்டம் வராதுங்கய்யா. கிரைண்டர் போட்ட தடம் இது. நான் தினமும் பண்றதுதானே." செட்டைத் திருப்பினார். "எங்க லேப்ல கூட இவ்வளவு ஃபினிஷிங் வராது."

அது பாராட்டு இல்லை. அது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவரைக் காப்பாற்றுகிற முகம். இரண்டு வாரத்துக்கு முன்னால் அதே முகத்துக்குப் பின்னால்தான் நான் நின்றிருந்தேன்.

பையிலிருந்து இந்த டைரியை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"நான்தான் மேடம். ஜூன் ஒன்பதுலருந்து."

கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நடுவில் மோல்டு கணக்கு, ஓனர் சண்டை எல்லாம் இருக்கிறது. அவற்றைத் தாண்டித் தாண்டிப் படித்தார். "ஜூன் 9, பாயின்ட் மூணு. ஜூன் 30, பாயின்ட் நாலு. ஜூலை 14, பாயின்ட் நாலு. ஆகஸ்ட் 4, பாயின்ட் அஞ்சு..." டிக்டேஷன் மாதிரி வாசித்துத் தன் தாளில் எழுதினார். "பத்து நாள்னு சொன்னீங்களே, ஐயா."

"ரவுண்டாச் சொன்னனுங்."

"செட்டுல நீங்க எடுத்த ஒவ்வொரு பாயின்ட்டும் அந்த வீக்கம் வளர்ந்தது, தரணி. செட் அப்படியேதான் இருந்துச்சு. அண்ணம்தான் கீழ இறங்கிச்சு." மறுபடி பக்கத்தைத் திருப்பினார். "பெல்ட்ல ஓட்டைன்னு எழுதியிருக்கீங்க. எத்தனை?"

"ரெண்டு."

"இந்த ஃபேன் கெபாசிட்டர்?"

"வேர்க்குதுன்னு சொன்னாருங்க."

"மாத்தினதும் வேர்வை நின்னுச்சா?"

"இல்லைங்க."

பேனாவைக் கீழே வைத்தார். "எடை குறைஞ்சுதா, தூக்கத்துல வேர்க்குதா, எவ்வளவு நாளா வளருது. நான் கேட்க வேண்டிய கேள்வி இந்த மூணுதான். மூணுக்கும் தேதி போட்டு எழுதி வெச்சிருக்கீங்க. மூணையும் ரிப்பேர் பண்ணியிருக்கீங்க." குரலை உயர்த்தவே இல்லை. "இந்த மூணு மாசத்துல அப்பா வாயைத் திறக்கச் சொல்லி ஒரு தடவையாவது உள்ள பார்த்தீங்களா?"

அப்பா குறுக்கே புகுந்து, துண்டெடுத்தால் வலிக்குமா என்று கேட்டார்.

மரத்துப்போக ஊசி போட்டு, மிளகை விடக் கொஞ்சம் பெரிய துண்டு எடுத்தார். சின்னப் பாட்டிலில் மருந்துத் தண்ணீரில் மிதந்தது. பல் மருத்துவக் கல்லூரியில் இதையே பார்க்கிற அவருடைய தோழிக்கு அனுப்புகிறார். கூடவே என் அளவுகளைக் கடிதமாக எழுதி, தேதியோடு இணைத்தார். நான் விளக்குப் பக்கம் நின்றிருந்தேன். பாட்டிலைத்தான் பார்த்தேன்.

செப்டம்பர் 25

ஷாப்பில் நாகராஜண்ணன், கடைய வேண்டிய ஜாப் அதைப் பிடித்து நிறுத்துகிற ஃபிக்ஸ்சரில் உட்காரவில்லை என்று ஃபிக்ஸ்சரையே கடைய ஆரம்பித்தார். "ஜாபைப் பாத்தீங்களா மொதல்ல?" என்று கத்தினேன். ஷாப் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என்னை விட இருபது வயது மூத்தவர். மன்னிப்புக் கேட்கவில்லை.

அக்டோபர் 3

ரிப்போர்ட் வந்தது, முழுதாக இல்லை. சின்ன உருண்டை செல்கள் கூட்டமாக இருக்கின்றன, என்ன வகை என்று சொல்ல இன்னும் மார்க்கர் டெஸ்ட் வேண்டும் என்கிறார்கள். ஒரு வாரம் ஆகுமாம். ஏன் ஒரு வாரம்? என்ன மெஷின்? எத்தனை ஷிப்டு ஓடுகிறது? டாக்டர் ஹெப்சிபா, "செல்லுக்கு உங்க ஓனரைத் தெரியாது, தரணி" என்றார்.

அக்டோபர் 11

லிம்ஃபோமா. நிணநீர்ப் புற்றுநோய். பெரிய பி செல் வகை.

டாக்டரே உட்காரவைத்துச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைக்கிற வாய்ப் புற்றுநோய் இல்லை. வெற்றிலை, புகையிலையால் வருவது இல்லை. ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகை கட்டுப்பாடு இழந்து பெருகுவது. கழுத்து, அக்குள், வயிறு, எங்கே வேண்டுமானாலும் வரும். சிலருக்கு முதலில் வாயில் தலைகாட்டும். அதனால் முதலில் பார்க்கிறவர் பல் டாக்டராகிவிடுகிறார்.

அப்பா கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "ஒரு பீடி தொட்டதில்லீங். டீ மட்டுந்தானுங், அதுவும் சர்க்கரை கம்மி" என்றார், யாரோ குற்றம் சாட்டியது மாதிரி.

"உங்க மேல தப்பே இல்லைங்கய்யா."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். ஆனாலும் 'உங்க' என்பதில் ஓர் அழுத்தம் இருந்தது. அல்லது எனக்கு அப்படிக் கேட்டது.

அக்டோபர் 16

புற்றுநோய் ஆஸ்பத்திரி. ஸ்கேன் ரிப்போர்ட்: அண்ணம், கழுத்தில் இடது பக்கம் இரண்டு நிணநீர்க் கணு, வயிற்றில் ஒன்று. மூன்றாம் நிலை. பெரிய டாக்டர், டாக்டர் ஹெப்சிபாவின் கடிதத்தைப் படித்துவிட்டு, "இந்த மில்லிமீட்டர் எல்லாம் யாரு எடுத்தது?" என்றார். சொன்னேன்.

அப்பாவை எடை பார்க்கக் கூட்டிப் போன நேரத்தில் நேராகக் கேட்டேன். "ஜூன்லயே வந்திருந்தா என்ன நிலையில இருந்திருக்கும்?"

"ஜூன்ல நான் அவரைப் பாக்கலையே, தம்பி. பாக்காததுக்கு என்ன பதில் சொல்றது?"

"உத்தேசமாச் சொல்லுங்க."

"உத்தேசம் உங்களுக்கு எதுக்கு?"

அளவு இல்லாத ஒன்று என் வாழ்க்கையில் இதுதான் முதல்.

அக்டோபர் 21, திங்கள்

முதல் கீமோ. இருபத்தொரு நாளுக்கு ஒன்று, மொத்தம் ஆறு. காலை ஒன்பதுக்கு ஊசி ஏறியது, மாலை ஐந்துக்கு முடிந்தது. சிவப்பாக ஒரு மருந்து. சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்றார்கள். "லாஸ்ட் ஸ்டாப் வரைக்கும் டிக்கெட் எடுத்தாச்சு" என்றார் அப்பா. நர்ஸ் சிரித்தாள். எட்டு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அக்டோபர் 31

தீபாவளி. அப்பா தலையில் கை வைத்தால் முடி கையோடு வருகிறது. எண்ணெய் தேய்க்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அக்கா குடும்பத்தோடு வந்தாள். முறுக்கைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தாள். பட்டாசு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் வெடிக்கவும் இல்லை.

அக்கா அடுப்படியில் வைத்துக் கேட்டாள். "நீ தெனமும் கூடவே இருக்கறவன். தெரியலையாடா?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். குழாய் வாஷர் தேய்ந்திருக்கிறது. மாற்ற வேண்டும். மாற்றவில்லை.

நவம்பர் 11

இரண்டாவது. எடை 51.

நவம்பர் 19

காய்ச்சல் 101. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். வெள்ளை அணு தரையைத் தொட்டுவிட்டது. யாரும் கிட்டே போகக் கூடாது, நான் மட்டும் மாஸ்க் போட்டுக்கொண்டு. வாய் முழுக்கப் புண் என்று நர்ஸ் சொன்னாள். வாய் கழுவ மருந்துத் தண்ணீரைக் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன்.

டிசம்பர் 2

மூன்றாவது. வீக்கம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டதாம். டாக்டர் சொன்னார்.

டிசம்பர் 23

நான்காவது. ஓனர் வீட்டுக்கு வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு. என்னைப் பற்றி அப்பாவிடம் குறை சொல்வார் என்று நினைத்தேன். "கை சுத்தமான பையன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா தலையை ஆட்டினார். "ஃபினிஷிங் நல்லா வரும்" என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, நானும் அப்பாவும்.

ஜனவரி 1

கார்பைடு டூல் விற்கிற கம்பெனிக்காரன் புது டைரி கொடுத்தான். பழையதைப் பெட்டியில் போடுகிறேன். ஒன்றை மட்டும் இதில் எழுதி வைக்கிறேன். 0.3, 0.4, 0.4, 0.5, 0.4, ஓட்டை. ஆறு ஞாயிற்றுக்கிழமை.

ஜனவரி 14

நேற்று ஐந்தாவது. இன்று பொங்கல். பொங்கல் வைக்கவில்லை. எதிர் வீட்டிலிருந்து கொடுத்தார்கள். அப்பா இரண்டு வாய் சாப்பிட்டார், ருசி தெரியவில்லை என்றார்.

பிப்ரவரி 3

ஆறாவது. கடைசி.

மார்ச் 24, திங்கள்

ஸ்கேன். எங்கேயும் ஒன்றும் தெரியவில்லை. அப்பா ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் முதலிலிருந்து கடைசி வரை பார்த்தார். "எல்லா வண்டியும் டெப்போவுக்குப் போயிருச்சாடா?"

"போயிருச்சுங்கப்பா."

"ரெண்டு வருஷம் தாண்டினா நான் மூச்சு விடுவேன்" என்றார் பெரிய டாக்டர். "அது வரைக்கும் கண்ணு அதுமேலயே இருக்கட்டும்."

ஏப்ரல் 14

டாக்டர் ஹெப்சிபா புது செட் செய்து கொடுத்தார். மாட்டுவதற்கு முன்னால் உள்ளே வெள்ளைப் பசை ஒன்றைப் பூசினார், கடிக்கச் சொன்னார், கழற்றிப் பசை அழிந்த இடத்தைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். "திருநீறுங்களா?" என்றார் அப்பா. கதையை அவரே சொன்னார். டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இதைக் கிரைண்டர் பக்கம் கொண்டு போனா உங்க கையை உடைச்சிருவேன். பதிலா இதை வெச்சுக்கோங்க." சின்னக் கண்ணாடி, நீளக் கைப்பிடி. "வாரம் ஒரு தடவை உள்ள பாருங்க. இங்க வாங்க, எப்படின்னு சொல்றேன்."

போன் வரவில்லை. வந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

அப்பா வாயைத் திறந்தார். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். இளஞ்சிவப்பாக, வரிவரியாக, நனைந்த ஒரு கூரை. இடது பக்கம், பின்னால், துண்டெடுத்த இடத்தில் வெள்ளைத் தழும்பு. அவ்வளவுதான்.

செப்டம்பரில் டாக்டர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். இல்லை. ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. ஆறு முறை செட்டைப் பார்த்தேன். உட்காராத இரண்டு பாகத்தில் ஒன்றை மட்டும் கடைந்தேன். முதல் இரண்டு தடவை தோன்றவில்லை. அதற்குப் பிறகு தோன்றியது. ஏதோ இருக்கிறது என்று தெரிந்ததால்தான் பார்க்கவில்லை. பார்த்தால் அது இருந்துவிடும்.

ஏப்ரல் 15

வாரம் ஒரு தடவை போதாது. தினமும் ஷிப்டு முடிந்து வந்ததும் பார்ப்பேன். அப்பா லைட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் வைக்கிறார். நான் கண்ணாடி, டார்ச்.

"ரேக் காலியா?"

"காலிங்கப்பா."

ஏப்ரல் 16

காலி.

ஏப்ரல் 17

காலி. பம்ப் கவர் மோல்டு கஸ்டமருக்குப் போய்விட்டது.

ஏப்ரல் 22

காலி. எடை 56. பெல்ட் பழைய ஓட்டைக்கு வந்துவிட்டது.

மே 4, ஞாயிறு

காலி. நாகராஜண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்கு நினைவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

மே 15

காலி. இட்லியில்லை, தோசை கேட்டார். முறுகலாக. மூன்று சாப்பிட்டார். கடக் கடக் என்று சத்தம். எரிச்சல் வரவில்லை.

மே 23

காலி. ஃபேனை நிறுத்தச் சொன்னார். குளிர்கிறதாம்.

மே 26

காலி. பனியன் லேசாக ஈரம். மே மாதம், எல்லாருக்கும் வேர்க்கும். எழுதி மட்டும் வைக்கிறேன். எதையும் ரிப்பேர் செய்யவில்லை.

மே 27, செவ்வாய்

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். செட்டைக் கழற்றினார். பார்த்தேன்.

இடது பக்கம், பின்னால். தழும்புக்குப் பக்கத்தில். சாப்பாட்டுத் துணுக்காக இருக்கும் என்று வாயைக் கொப்பளிக்கச் சொன்னேன். கொப்பளித்தார். மறுபடி பார்த்தேன். பஞ்சால் துடைத்தேன். போகவில்லை. கொத்தமல்லி விதை அளவு. கொஞ்சம் ஊதா நிறம். தொட்டால் மெத்தென்று இருந்தது.

"வலிக்குதுங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். வலித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வாயைத் திறந்தபடியே கேட்டார். "ரேக் காலியா?"

டார்ச்சை அணைத்தேன். மறுபடி போட்டேன். அளவெடுக்கிற வெர்னியர் பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை.

அப்பா வாயை மூடினார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், வண்டி உள்ளே நுழையும்போது பார்க்கிற மாதிரி.

"எழுதிக்க."

"பொறவு எழுதிக்கலாங்கப்பா. மொதல்ல டாக்டர்கிட்ட..."

"எழுதுடா. வந்த டயத்த வந்தபடி எழுதோணும். ரவுண்டு பண்ண வேண்டாம்."

சட்டையை மாற்ற உள்ளே போயிருக்கிறார். டாக்டர் ஹெப்சிபாவுக்குப் போன் செய்துவிட்டேன். எட்டு மணி வரை இருப்பேன், நேரா உள்ள வாங்க என்றார்.

மாலை 6.42. இடது பின்பக்கம். கிளம்புகிறோம்.